கூம்புப் பாட்டுக்கு நான் போட்ட டிக்

பள்ளி ஆண்டு மலருக்கு எங்கள் ஆய்வக உதவியாளரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் தலைமையாசிரியை. "நீங்கதான் எழுதணும் டீச்சர். வேற யாரும் எழுதக் கூடாது" என்றார். அது வேண்டுகோள் இல்லை, தண்டனை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுதிக் கொடுத்துவிட்டேன். 'அயராத உழைப்பாளி', 'மாணவர்களின் அன்புக்குரியவர்' என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மீதியை எழுத அந்தப் பக்கத்தில் இடம் போதவில்லை என்று சொல்ல ஆசைதான். இடம் இருந்தது, எனக்குத்தான் துணிச்சல் இல்லை. அந்த மீதி இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு அந்த மனிதர் மேல் பொறாமை. சும்மா லேசான பொறாமை இல்லை. அவர் பெயரைக் கேட்டாலே சாப்பிட்ட சாப்பாடு செரிக்காத அளவுக்குப் பொறாமை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு நான் கணக்கு டீச்சர். இருபத்திரண்டு வருஷமாகச் சாக்பீஸ் பிடித்த விரல். என்னைப் பார்த்தால் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். அவரைப் பார்த்தால் ஓடி வருவார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த டீச்சரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டுதான் பதில் சொல்வார்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'பிப்பெட் அண்ணா'. ஆள் அசல் ஆய்வகத்தில் திரவம் உறிஞ்சி அளக்கும் அந்தக் கண்ணாடிக் குழாய் மாதிரிதான். மேலேயும் ஒல்லி, கீழேயும் ஒல்லி, நடுவில் மட்டும் ஒரு சின்னத் தொப்பை. பத்தாம் வகுப்பில் கணக்கில் இரண்டு முறை தோற்றவர். அப்புறம் ஒரு சோடா கம்பெனியில் பாட்டில் கழுவினார். கண்ணாடிக் கடையில் நின்றார். குழாய் ரிப்பேர்காரர் ஒருவரோடு சேர்ந்து எங்கள் ஆய்வகத்தில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்ய வந்தார். தொட்டியில் கிடந்த சோதனைக் குழாய்களை ஒன்றுகூட உடையாமல் எடுத்து ஓரமாக அடுக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாராம். அப்போதிருந்த வேதியியல் சார் அதைப் பார்த்துவிட்டு, "நாளைக்கும் வாப்பா" என்றார். அந்த நாளை பதின்மூன்று வருஷமாக நீண்டது. பதின்மூன்று வருஷமும் தற்காலிக வேலைதான். நிரந்தரம் ஆக வேண்டுமானால் நாற்பத்தைந்து வயதுக்குள் ஆகிவிட வேண்டும். இந்தக் கதை நடந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து ஆக இன்னும் சில மாதங்கள்தான் பாக்கி.

பாட்டு எப்படி வந்தது என்று ஒருமுறை நானே கேட்டிருக்கிறேன். கை கழுவும் தொட்டிக்கு எதிரே சுவரில் தனிமங்களின் பெரிய அட்டவணை தொங்கும். "தலையைத் தூக்கினா அந்த சார்ட்டுதான் டீச்சர். தலையைக் குனிஞ்சா அழுக்குக் குழாய். எத்தனை நாளைக்குத்தான் மனுஷன் சும்மா பாத்துக்கிட்டே இருப்பான்? பாட ஆரம்பிச்சுட்டேன்" என்றார். வீட்டில் பாடினால் அவர் மனைவி வேண்டுமென்றே குக்கரை அடுப்பில் ஏற்றிவிடுவாராம், விசிலிலாவது அந்தப் பாட்டு அடங்கட்டும் என்று. பள்ளியில் அவரை அடக்க எந்தக் குக்கரும் இல்லை.

அவருடைய முதல் பாட்டு எனக்கு இன்னும் மனப்பாடம். வேண்டாமென்றாலும் போகவில்லை.

தண்ணிக்குள்ளே அமிலம் ஊத்து,
மெல்ல மெல்லப் பாத்து ஊத்து;
அமிலத்துக்குள் தண்ணி ஊத்தி
ஆஸ்பத்திரியில் படுக்காதே!

இதைப் பாடிக்கொண்டேதான் எங்கள் பிள்ளைகள் குடுவையைக் கையில் எடுப்பார்கள். ஆர்க்கிமிடீசுக்கு ஒரு பாட்டு இருந்தது: 'முங்கின அளவு தண்ணி ஒதுங்கும், ஒதுங்கின எடைதான் உன்னைத் தாங்கும்.' இதை என் வீட்டுக்காரர் குளியலறையில் பாடுகிறார். தபால் பிரிக்கும் வேலை அவருக்கு. தத்துவமும் தெரியாது, ஆர்க்கிமிடீசும் தெரியாது. "நல்லா இருக்குடி. சரியாவும் இருக்கு பாரு, வாளியில நான் கையை விட்டா தண்ணி வழியுது" என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் சொல்லிக் கொடுத்த ஒன்றையாவது இந்த மனுஷன் குளிக்கும்போது நினைத்திருப்பாரா?

அறிவியலோடு நின்றிருந்தால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். பிள்ளைகள் விடவில்லை. "அண்ணா, கணக்குக்கும் போடுங்கண்ணா" என்று நச்சரித்தார்கள். அவரும் போட்டார். என் வீட்டு வாசலுக்கே வந்து கடை விரித்த மாதிரி இருந்தது எனக்கு.

ஆனால் ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும். கணக்கில் இரண்டு முறை தோற்றவர் என்பதை அவர் ஒருநாளும் மறக்கவில்லை. புதுப் பாட்டு கட்டினால், பாடுவதற்கு முன் நீல அட்டை போட்ட ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார். இடது பக்கம் பாட்டு, வலது பக்கம் படம். நான் படித்துப் பார்த்து, தப்பிருந்தால் திருத்தி, சிவப்புப் பேனாவால் டிக் போட்டு, தேதி போட வேண்டும். என் டிக் இல்லாமல் ஒரு பாட்டும் ஆய்வகக் கதவைத் தாண்டாது. வட்டத்தின் சுற்றளவுக்கு விட்டம் என்று வர வேண்டிய இடத்தில் ஒருமுறை ஆரம் என்று எழுதியிருந்தார். அடித்துத் திருத்தினேன். "நல்ல வேளை டீச்சர், நீங்க இல்லைன்னா என் பாட்டைக் கேட்டே பசங்க ஃபெயில் ஆகியிருப்பாங்க" என்று கும்பிட்டார். எரிச்சலுக்கு நடுவிலும் அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பிடிக்கும். ஊரே அவர் பாட்டைப் பாடினாலும், அது என் பேனாவைத் தாண்டித்தானே போக வேண்டும்.

அந்த வருஷம் என் மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாள். என் வகுப்பிலேயே. வீட்டில் நான் எதைச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தாலும், "அது பாட்டுல வருதும்மா, எனக்குத் தெரியும்" என்பாள். தட்டு கழுவும்போது பாட்டு. தலை பின்னும்போது பாட்டு. என் வயிற்றில் பிறந்தவள், என் பாடத்தை, அவர் குரலில் படித்தாள்.

கன அளவுப் பாடம் தொடங்கிய அன்று நாற்பது நிமிஷம் தொண்டை வறள விளக்கினேன். முடித்துவிட்டு, "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றேன். முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "டீச்சர், இதுக்கும் அண்ணாகிட்ட ஒரு பாட்டு போடச் சொல்லுங்க டீச்சர். அப்பதான் புரியும்." மொத்த வகுப்பும் "ஆமா டீச்சர்" என்றது. என் மகளும்தான்.

மறுநாள் சாயங்காலம், பாட்டோடு வந்து நின்றார் பிப்பெட். ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. பிள்ளைகளின் நோட்டுகள் என் முன்னால் மலை மாதிரி குவிந்திருந்தன.

"அவசரமில்லை டீச்சர். முடியும்போது பாருங்க."

"குடுங்க தம்பி, இப்பவே பாத்துடறேன்" என்று வாங்கினேன்.

செவ்வகத்தைக் குறுக்கே வெட்டு,
பாதி பாதி முக்கோணம்;
உருளையைக் கூராச் சீவு,
பாதி தானே கூம்பாகும்.

படித்தவுடன் கண்ணில் பட்டது. முக்கோணம் பாதிதான், சரி. அதே கையோடு கூம்பையும் பாதி என்று போட்டுவிட்டார். பார்ப்பதற்கு அப்படித்தான் தோன்றும், யாருக்கும் தோன்றும். ஆனால் கூம்பு என்பது உருளையில் மூன்றில் ஒரு பங்கு. திருத்துவதற்கும் பெரிய பாடு ஒன்றுமில்லை. 'பாதி தானே' இருக்கும் இடத்தில் 'மூணில் ஒண்ணு' என்று போட்டால் தாளம்கூடத் தப்பாது. இரண்டே சொல். பேனா கையில்தான் இருந்தது.

நான் டிக் போட்டேன். தேதியும் போட்டேன்.

அந்த நேரத்தில் மனசு என்ன சொன்னது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். 'பார்ப்போம். நான் நாளைக்குப் பலகையில் மூன்றில் ஒன்று என்று எழுதப் போகிறேன். இவர் பாதி என்று பாடப் போகிறார். பிள்ளைகள் யாரை நம்புகிறார்கள் பார்ப்போம்.' இரண்டு மூன்று பேர் தப்பாக எழுதுவார்கள், ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் 'பாட்டுப் பாடினா இப்படித்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான் என் ஆசை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன்.

"ரொம்ப நன்றி டீச்சர்" என்று நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பலகையில் எழுதினேன். மூன்றில் ஒன்று. கீழே இரண்டு கோடு. காலையிலேயே ஆய்வகத்தில் பாட்டைக் கேட்டிருந்த பின்வரிசைப் பையன் ஒருவன், "டீச்சர், பாட்டுல பாதின்னு வருதே?" என்று கேட்டான். பாட்டு தப்பு என்று சொல்லியிருக்கலாம். "போர்டுல என்ன இருக்கோ அதைப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

அரையாண்டுத் தேர்வு பல பள்ளிகளுக்கும் பொதுவான தேர்வு. எங்கள் பிள்ளைகளின் தாள் வேறு பள்ளிக்குப் போய்த்தான் திருத்தப்படும். ஆரம் ஏழு, உயரம் பன்னிரண்டு, கூம்பின் கன அளவைக் காண்க என்று ஒரு கணக்கு வந்தது. விடை அறுநூற்றுப் பதினாறு. பாதி என்று போட்டால் தொள்ளாயிரத்து இருபத்து நான்கு.

ஒரு வாரம் கழித்துத் தலைமையாசிரியைக்கு ஃபோன் வந்தது. அடுத்த முனையில், திருத்திய பள்ளியின் கணக்கு ஆசிரியர். "மேடம், உங்க ஒன்பதாம் வகுப்புல நாப்பத்தொரு பேர். அதுல முப்பத்தெட்டுப் பேர் ஒரே கணக்குல ஒரே தப்பு விடை எழுதியிருக்காங்க. காப்பி அடிச்சாங்களா, இல்லை யாராவது உள்ள வந்து சொல்லிக் குடுத்தாங்களா? மேல எழுதறதுக்கு முன்னாடி உங்களை ஒரு வார்த்தை கேக்கலாம்னுதான்..."

தலைமையாசிரியை நேராக என் வகுப்புக்கு வந்தார். "யாரு தொள்ளாயிரத்து இருபத்து நாலு எழுதினது? எப்படி வந்தது அது?" என்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி மேசையில் தாளம் போட்டாள். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் பாட ஆரம்பித்துவிட்டது. 'உருளையைக் கூராச் சீவு, பாதி தானே கூம்பாகும்.' அத்தனை குரலுக்கும் மேலே என் மகள் குரல். அவள் தாளிலும் தொள்ளாயிரத்து இருபத்து நான்குதான். அந்த விடையை எழுதாத மூன்று பேரில் இரண்டு பேர் அந்தக் கேள்வியையே தொடவில்லை. மூன்றாமவன் எழுதிய விடைக்குப் பாட்டும் பொறுப்பில்லை, நானும் பொறுப்பில்லை.

ஆக, நான் வைத்த போட்டியில் எனக்குக் கிடைத்தது முட்டை. நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட என் பலகையை நம்பவில்லை. அந்த நேரத்திலும் எனக்குப் பயத்தைவிட இதுதான் அதிகம் வலித்தது.

பிப்பெட்டை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"கூம்பு பாதின்னு யாரு சொன்னது உங்களுக்கு?"

"நான்தான் மேடம் போட்டேன். தப்புங்களா?"

"தப்புங்களாவா? கும்பலா காப்பி அடிச்சாங்கன்னு எழுத இருந்தாங்க! பாடறதுக்கு முன்னாடி கணக்கு டீச்சர்கிட்ட காட்டுவீங்களே, இதைக் காட்டினீங்களா இல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார். கண் சிமிட்டும் நேரம்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லை மேடம். இதை மட்டும் காட்டலை. அவசரத்துல பாடிட்டேன்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் காற்றை வாங்கிக்கொண்டு மூடிக்கொண்டது.

"இனிமே லேப்ல பாட்டுச் சத்தம் என் காதுல விழக் கூடாது" என்றார் தலைமையாசிரியை. "உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதின ஃபைல் இதோ என் மேஜையில இருக்கு. வெள்ளிக்கிழமை போயாகணும். இப்ப நான் என்னன்னு கையெழுத்துப் போடறது?"

"உங்க இஷ்டம் மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஆய்வகம் அடங்கிப்போனது. நான் வருஷக்கணக்கில் ஆசைப்பட்ட அமைதி. குழாயில் தண்ணீர் விழும் சத்தமும் கண்ணாடி உரசும் சத்தமும்தான். என் வகுப்பில் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, டாக்டருக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் மகள் அழுதாள். "அண்ணாவைத் திட்டிட்டாங்களாம்மா. வேலையை விட்டே போகணுமாம்மா?" என்று தேம்பினாள். ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? 'நாளைக்கு என்னைத் திட்டினால் இவள் இப்படி அழுவாளா?' பொறாமைக்கு வெட்கம் கிடையாது. செத்த வீட்டிலும் முன்வரிசையில் இடம் கேட்கும்.

புதன்கிழமை ஏதோ சாக்கு வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். தகரத்தில் செய்த கூம்பும் உருளையும் எங்கள் அலமாரியில் உண்டு. ஒரே ஆரம், ஒரே உயரம். அவற்றைத் தொட்டியோரம் வைத்துக்கொண்டு, கூம்பில் தண்ணீர் பிடித்து உருளையில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. உருளை விளிம்பு வரை வந்து நின்றது. கவிழ்த்துவிட்டு மறுபடி ஊற்றினார்.

"பாத்தீங்களா டீச்சர், மூணு தடவை ஊத்தினா கச்சிதமா நிக்குது. இது ரெண்டும் பதிமூணு வருஷமா என் கைக்கு எட்டற தூரத்துலதான் இருந்திருக்கு. ஒரு தடவை ஊத்திப் பாத்திருக்கலாம். பாடத் தெரிஞ்ச எனக்குப் பாக்கத் தெரியலை."

நான் உருளையைக் கையில் எடுத்துக்கொண்டேன். "தம்பி, அந்த நோட்டு... அதுல என் டிக் இருக்குமே. ஏன் காட்டலைன்னு சொன்னீங்க?"

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதீங்க டீச்சர், அந்தப் பக்கத்தை அன்னிக்கே கிழிச்சுட்டேன். அன்னிக்கு உங்க மேஜையில எவ்வளவு நோட்டு! அத்தனைக்கு நடுவுல நான் வேற வந்து நின்னேன். யானைக்கும் அடி சறுக்கும். எத்தனையோ பாட்டைத் திருத்திக் குடுத்திருக்கீங்க, ஒண்ணுல கண்ணு தவறினதுக்கு உங்க பேரு கெடணுமா?"

அவர் என்னைக் குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அதை நிஜமாகவே நம்பினார். கண் தவறிவிட்டது என்று. நான் தகர உருளையைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவர் மேல் கோபம்தான். பாட்டில்தான் மிஞ்சினார் என்றால், இதிலுமா? நல்லவராக இருப்பதிலும் இந்த மனுஷன் என்னை விடமாட்டாரா?

வியாழக்கிழமை பாடம் நடத்தினேன், சாப்பிட்டேன், வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை காலையில் தலைமையாசிரியை அறைக்குப் போனபோது ஃபைல் மேசையில் திறந்திருந்தது. பேனா மூடி கழற்றியிருந்தது.

"மேடம், அந்தக் கூம்புப் பாட்டை நான் பாத்தேன். டிக் போட்டது நான்."

அவர் என்னையே பார்த்தார். "எங்க அந்த டிக்?"

"பக்கத்தைக் கிழிச்சுட்டார்."

தலைமையாசிரியை நாற்காலியில் சாய்ந்து, முதல் முறையாக என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "டீச்சர், உங்களுக்கு இவ்வளவு இளகின மனசுன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாம போச்சே. அவரு வேலையைக் காப்பாத்த உங்க தலையில போட்டுக்கறீங்க."

அடக் கடவுளே. உண்மையைச் சொன்னால் அதற்கும் எனக்கு நல்ல பெயரா! வேறு நாளாக இருந்தால் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்திருப்பேன். பொய் சொல்லவில்லை, வேலையும் பிழைத்துவிடும், பெயருக்குப் பெயர். வாசல் வரைக்கும்கூட வந்துவிட்டேன். திரும்பிப் போய், "அவரைக் கூப்பிடுங்க மேடம்" என்றேன்.

நீல நோட்டோடு வந்தார். நடுவில் ஒரு தாள் கிழிந்த விளிம்பு பல் பல்லாகத் தெரிந்தது. "இல்லை மேடம், டீச்சர் பாவம், எனக்காகச் சொல்றாங்க" என்று அவர் தொடங்கியதுமே நான் குறுக்கே புகுந்தேன்.

"தம்பி, நிறுத்துங்க. கண்ணு தவறலை. படிச்ச உடனே தெரிஞ்சுது, தப்புன்னு. 'மூணில் ஒண்ணு'ன்னு மாத்தினா போதும்னுகூடத் தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் டிக் போட்டேன்."

தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"பொறாமை மேடம். நாப்பது நிமிஷம் நான் கத்தறது பசங்க மண்டையில ஏறலை, இவரு நாலு வரி பாடினா ஏறுது. என் பொண்ணுகூட இவரு பாட்டுலதான் படிக்கிறா. பாட்டு தப்புன்னு ஊர் பாக்கணும்னு நினைச்சேன்."

வேலியே பயிரை மேய்ந்த கதையை வேலியே வாய் திறந்து சொல்லியாகிவிட்டது. பிப்பெட் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. கழுவிய சோதனைக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பாரே, அப்படி என்னைப் பார்த்தார். பிறகு நோட்டை மெதுவாகப் புரட்டினார். பக்கம் பக்கமாக என் சிவப்பு டிக். ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"அப்ப... மத்த டிக்கெல்லாம், டீச்சர்?"

"எல்லாம் சரி தம்பி. சத்தியமா சரி."

"சரிங்க டீச்சர்" என்றார். நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த 'சரிங்க'வில் நம்பிக்கை ஒரு துளிகூட இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் எழுதிய அத்தனையும் அந்த ஒரு நொடியில் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது.

ஃபைல் அன்றைக்கே போனது. அடுத்த மாதம் அவர் நிரந்தரம் ஆனார். எனக்கு ஒரு மெமோ வந்தது. மகளிடம் நானே சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் சாப்பாடு கேட்டாள். ஆய்வகத்தில் மறுபடி பாட்டு கேட்கிறது. 'மூணில் ஒண்ணு கூம்பாகும்' என்று பாடும்போது பிள்ளைகள் 'மூணில்' என்ற இடத்தில் மட்டும் கூரை அதிரக் கத்துகிறார்கள்.

விடுமுறை முழுவதும் அவர் ஆய்வகத்தில் உட்கார்ந்து, கணக்குப் பாட்டு ஒவ்வொன்றையும் தகரம், நூல், அளவுகோல், தண்ணீர் வைத்துத் தானே சரிபார்த்தாராம். ஒன்றில்கூடத் தப்பில்லையாம். அது தெரிந்த பிறகும் அவர் நோட்டோடு என்னிடம் வரவில்லை. வராந்தாவில் எதிரே வந்தால் "வணக்கம் டீச்சர்" என்பார். மரியாதையில் குறையே இல்லை, அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அந்த வணக்கமாவது கிடைக்கட்டும் என்று நான் சில நாள் ஆய்வகப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறேன் என்பது யாருக்கும் தெரியாது.

இப்போது அவர் புது ஏற்பாடு செய்திருக்கிறார். பாட்டைக் கட்டியதும் முதலில் அளந்து பார்ப்பார். அப்புறம் நோட்டை வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கொடுப்பார். அந்தப் பிள்ளை பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபார்த்து டிக் போட வேண்டும். இந்த முறை என் மகளிடம் கொடுத்திருக்கிறார். நாற்பத்தொரு பேர் இருக்கும்போது இவளிடம் ஏன் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் "நல்லாப் படிக்கிற பொண்ணு டீச்சர்" என்றுதான் சொல்வார், அதையும் மனசாரத்தான் சொல்வார்.

நேற்றுச் சாயங்காலம் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே, சாப்பாட்டு மேசையில், நீல நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோளத்தின் கன அளவுக்குப் புதுப் பாட்டு போலிருக்கிறது. உதட்டை அசைத்து முணுமுணுத்தாள். கையில் என்னுடைய சிவப்புப் பேனா. கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இடது கையை நோட்டின் மேல் குறுக்கே வைத்து மறைத்துக்கொண்டு, "நீ பாக்காதம்மா, இது என்கிட்ட குடுத்தது" என்றாள்.